25 நிமிடத்தில் எழுதியதை வைத்து எழுத்தாற்றலை அளக்க முடியுமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் இப்போது 'வாசிப்பும் எழுத்தும்' என்று ஒரு பகுதி இருக்கிறது. 54 கேள்விகள், 64 நிமிடம். அதில் மாணவர் சொந்தமாக எழுத வேண்டிய வாக்கியங்கள் எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை. கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எழுத்து என்று பெயர் வைத்துவிட்டு எழுதவே சொல்லாத தேர்வு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதை வடிவமைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. நூறு வருடங்களுக்கு மேலாக நடந்துவரும் ஒரு வாதத்தின் விளைவு இது. எழுத்தை அளக்கப் போனவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே சிக்கலில்தான் மாட்டிக்கொண்டார்கள். அந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டால், 'எழுத்துத் தேர்வு நியாயமானதா' என்ற கேள்விக்கு ஏன் ஆளுக்கொரு பதில் வருகிறது என்பது விளங்கிவிடும்.

முதலில் ஒரு சொல். எல்லோருக்கும் ஒரே மாதிரியான கேள்வி, ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை என்று வைத்து நடத்துவதைத் தரப்படுத்தப்பட்ட தேர்வு என்கிறார்கள். எஸ்.ஏ.டி., மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.ஈ., ஆங்கிலத் திறனைப் பார்க்கும் ஐ.இ.எல்.டி.எஸ். எல்லாம் இந்த வகை. வகுப்பாசிரியர் போடும் மதிப்பெண் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். இதில் மாறக் கூடாது என்பதுதான் நோக்கம்.

எடை பார்க்கும் இயந்திரத்தில் உயரம் பார்ப்பது

தேர்வுத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் இரண்டு சொற்கள் உண்டு: நம்பகத்தன்மை, ஏற்புடைமை. பெயரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இரண்டும் வேறு வேறு.

ஒரு மாணவரின் உயரம் தெரிய வேண்டும், கையில் இருப்பதோ எடை பார்க்கும் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். அவரை அதில் பத்து முறை ஏற்றுகிறோம். பத்து முறையும் 52 கிலோ. யார் வந்து பார்த்தாலும் 52 கிலோதான். இந்த மாறாத தன்மைதான் நம்பகத்தன்மை. ஆனால் நமக்கு வேண்டியது உயரம். எதை அளக்க வந்தோமோ அதைத்தான் அளக்கிறோமா என்பது ஏற்புடைமை. அந்தக் கணக்கில் இந்த இயந்திரம் தேறாது.

இருங்கள், முழுக்கத் தேறாது என்றும் சொல்லிவிட முடியாது. உயரமானவர்கள் பொதுவாக எடையும் கூடுதலாக இருப்பார்கள். ஆயிரம் பேரை எடை போட்டு வரிசையில் நிறுத்தினால், உயரப்படி நிறுத்திய வரிசைக்கு அது ஓரளவு பக்கத்தில் வரும். ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது எடையை வைத்து உயரத்தை ஊகிப்பது அவ்வளவு மோசமில்லை. ஒல்லியான நெட்டைப் பையனிடம் போய் 'நீ குள்ளம்' என்று சொல்லும்போதுதான் தப்பாகிறது.

இந்த உவமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வேண்டியிருக்கும்.

ஒரே கட்டுரை, ஒன்பது மதிப்பெண்

எழுத்தில் நம்பகத்தன்மையைக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. 1912-ல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆங்கிலப் பாடத்தின் இரண்டு விடைத்தாள்களை நகல் எடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பி, ஆசிரியர்களைத் திருத்தச் சொன்னார்கள். அதில் ஒரு தாளுக்கு ஒருவர் நூற்றுக்கு 50 போட, இன்னொருவர் 90-க்கு மேல் போட்டிருந்தார். அதே தாள், அதே கையெழுத்து. ஓர் ஆசிரியரிடம் தட்டுத்தடுமாறும் மாணவர், இன்னோர் ஆசிரியரிடம் வகுப்பிலேயே முதல்வர்.

1961-ல் ஈ.டி.எஸ். என்ற தேர்வு நிறுவனத்தில் பால் டீடரிக்கும் அவருடைய சகாக்களும் இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். 300 கட்டுரைகள், திருத்த 53 பேர். ஆசிரியர்கள் மட்டுமில்லாமல் வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள், தொழில் நிர்வாகிகளும் அதில் இருந்தார்கள். ஒவ்வொரு கட்டுரையையும் ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஒரு தரத்தில் வைக்க வேண்டும். முடிவு? 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன. அதாவது ஒன்றும் கிடைத்தது, ஒன்பதும் கிடைத்தது, நடுவில் உள்ள அத்தனையும் கிடைத்தன. ஐந்துக்கும் குறைவான தரங்களுக்குள் அடங்கிய கட்டுரை ஒன்றுகூட இல்லை.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இந்தக் குழப்பம் அல்ல, அதற்கு அவர்கள் கண்டுபிடித்த காரணம். திருத்தியவர்கள் மனம் போன போக்கில் போடவில்லை. ஒரு சாரார் கருத்தைப் பார்த்தார்கள். இன்னொரு சாரார் பிழைகளை எண்ணினார்கள். சிலருக்குக் கட்டுக்கோப்பு முக்கியம், சிலருக்குச் சொல்வளம், இன்னும் சிலருக்கு எழுதியவரின் தனிக்குரல். ஆக, ஐந்து கூட்டம் ஐந்து விஷயங்களைப் படித்திருக்கிறது. 'நல்ல எழுத்து' என்று நாம் ஒற்றைப் பெயரில் சொல்வது உண்மையில் பல பொருள்களின் மூட்டை.

சரி, இதைச் சரிசெய்ய என்ன வழி? திருத்துபவர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி பார்க்கப் பழக்க வேண்டும். இன்னின்ன இருந்தால் ஆறு, இன்னின்ன இல்லாவிட்டால் மூன்று என்று மதிப்பீட்டு அளவுகோல் ஒன்று எழுதிக் கையில் கொடுப்பார்கள். மாதிரிக் கட்டுரைகளை வைத்துப் பயிற்சி நடக்கும். ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவார்கள். இருவருக்கும் இடைவெளி அதிகமானால் மூன்றாமவரிடம் போகும். இப்படிச் செய்தால் மதிப்பெண்கள் நன்றாகவே ஒத்துப்போகின்றன.

எழுதியவர் யாரென்று தெரியாமல் திருத்துவது புதிய யோசனையும் அல்ல. சீனாவின் அரசுப் பணித் தேர்வுகளில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மாணவரின் பெயரை மூடி ஒட்டி, அவர் கறுப்பு மையில் எழுதியதை எழுத்தர்களை வைத்துச் சிவப்பு மையில் படியெடுத்து, அந்தப் படியைத்தான் திருத்துபவரிடம் கொடுத்தார்கள். கையெழுத்தை அடையாளம் கண்டு சலுகை காட்டிவிடக் கூடாது என்பதற்காக அவ்வளவு பாடு. கூடவே, எட்டு அங்கம் கொண்ட ஒரு கட்டுரை வடிவமும் அங்கே கெட்டிப்பட்டது. எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பது முன்பே தீர்மானமானது. ஒப்பிடத் தோதாக இருந்ததால் அந்த வடிவம் நிலைத்தது. எழுத்தைக் கட்டிப்போடுகிறது என்ற பழியும் அதற்கே வந்தது. அந்தத் தேர்வு முறையையே 1905-ல் ஒழித்துவிட்டார்கள்.

எதைக் கொடுத்து இதை வாங்கினோம்?

ஐந்து கூட்டம் ஐந்து விஷயங்களைப் படிக்கிறது என்றோமே, அவர்களை ஒத்துப்போக வைக்க வேண்டுமானால் எல்லோரும் எளிதில் ஒப்புக்கொள்ளும் விஷயங்களை முன்னால் வைக்க வேண்டும். நிலைப்பாடு தெளிவாக இருக்கிறதா? பத்தி பிரித்திருக்கிறதா? உதாரணம் கொடுத்திருக்கிறதா? இவற்றை யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். சிந்தனை புதிதா, படிப்பவர் மனதில் ஏதாவது அசைந்ததா என்பதில் ஒருமித்த கருத்து வருவது கஷ்டம். ஆகவே அது மெல்ல ஓரத்துக்குப் போகும். நம்பகத்தன்மை ஏற ஏற, அளக்கப்படும் பொருள் சுருங்கிக்கொண்டே வருகிறது.

இதைக் கிட்டத்தில் பார்க்க இரண்டு துண்டுகள். இரண்டும் நானே எழுதியவை. தலைப்பு: 'வெற்றியைவிடத் தோல்வியிலிருந்துதான் அதிகம் கற்கிறோமா?'

முதல் மாணவர்: "தோல்வி என்பது மனித வாழ்வின் தவிர்க்க முடியாத அங்கமாகும். வரலாற்றை உற்றுநோக்கினால், மாபெரும் சாதனையாளர்கள் அனைவரும் தோல்வியைத் தழுவியவர்களே என்பது தெள்ளத்தெளிவாகப் புலப்படும். முதலாவதாக, தோல்வி விடாமுயற்சியைக் கற்பிக்கிறது. இரண்டாவதாக, பணிவைக் கற்பிக்கிறது."

இரண்டாம் மாணவர்: "நீச்சல் போட்டியில் மூன்று வருடம் தோற்றேன். அப்போது என்ன கற்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நாலாவது வருடம் ஜெயித்த பிறகுதான் முன்பு செய்த தப்பு எது என்றே புரிந்தது. அப்படியானால், தோல்வியிலிருந்து என்னைக் கற்க வைத்தது அந்த வெற்றிதானோ?"

அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு பாருங்கள். முதலாமவரிடம் நிலைப்பாடு இருக்கிறது, வரிசை இருக்கிறது, சொல்வளமும் உண்டு. இரண்டாமவர் முடிவு சொல்லாமல் ஆரம்பிக்கிறார். பாதியில் கேள்வியையே திருப்பிப் போடுகிறார். நேரம் முடிவதற்குள் எங்கே போய்ச் சேருவார் என்பதும் தெரியவில்லை. ஒரு தாளுக்குச் சில நிமிடங்களே உள்ள திருத்துநர் முதலாவதற்குக் கூடுதலாகப் போட்டால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது முதல் துண்டில் 'தோல்வி'யை எடுத்துவிட்டுப் 'பொறுமை'யைப் போடுங்கள். பொறுமை என்பது மனித வாழ்வின் தவிர்க்க முடியாத அங்கமாகும். சாதனையாளர்கள் அனைவரும் பொறுமையைக் கைக்கொண்டவர்களே. ஒரு சொல் மாறியது, ஒன்றும் குலையவில்லை. 'நேரம்', 'நட்பு' என்று எதைப் போட்டாலும் நிற்கும். இது கட்டுரை இல்லை, முன்கூட்டியே செய்துவைத்த அச்சு. இரண்டாவதில் இந்த வேலை நடக்காது.

அதற்காக முதலாமவருக்கு எழுதத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. அவகாசமே இல்லாத இடத்தில் கோர்வையாக நாலு பத்தி எழுதுவதும் திறமைதான். அலுவலகத்தில் அரை மணி நேரத்தில் ஓர் அறிக்கை வேண்டுமென்றால் நான் அவரிடம்தான் போவேன்.

எஸ்.ஏ.டி. பட்ட பாடு

2001-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர் ரிச்சர்ட் அட்கின்சன், எஸ்.ஏ.டி.யைச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்கும் வழக்கத்தைக் கைவிடலாம் என்று யோசனை சொன்னார். அவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் விலகினால் தேர்வுக்கே அடி. தேர்வை மாற்றியமைத்தார்கள். 2005 மார்ச்சில் எழுத்துப் பகுதி வந்தது: 25 நிமிடத்தில் ஒரு கட்டுரை, கூடவே இலக்கணப் பிழை கண்டுபிடிக்கும் பலவுள் தெரிவு வினாக்கள். கட்டுரையை இரண்டு பேர் ஆளுக்கு ஆறு வரை போட்டுத் திருத்துவார்கள்.

எம்.ஐ.டி.யில் எழுத்துப் பயிற்சியை நடத்திவந்த லெஸ் பெரல்மன், வெளியிடப்பட்டிருந்த மாதிரிக் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு வார்த்தைகளை எண்ணினார். சுமார் 100 வார்த்தைக் கட்டுரைகள் அடிமட்டத்தில் இருந்தன, 400 வார்த்தைக் கட்டுரைகள் உச்சத்தில் இருந்தன. நடுவில் உள்ளவையும் பெரும்பாலும் நீளப்படியே வரிசையாக நின்றன. படிக்காமலே, தூரத்திலிருந்து நீளத்தைப் பார்த்தே மதிப்பெண்ணை ஊகிக்கலாம் என்பது அவர் குற்றச்சாட்டு. கட்டுரையில் சொல்லும் தகவல் தவறாக இருந்தாலும் மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை என்பது விதி. அதையும் அவர் விடவில்லை.

இதில் எதிர்த்தரப்புக்கும் கொஞ்சம் நியாயம் உண்டு. 25 நிமிடம்தான் என்னும்போது, எழுதப் பழகியவர் தானாகவே அதிகம் எழுதுவார். நீளம் திறமையின் நிழலாகவும் இருக்கலாம். தகவல் விதியும் ஒரு விதத்தில் சரியே, இது வரலாற்றுத் தேர்வு அல்ல. ஆனால் பயிற்சி மையங்கள் நிழலோடு நிற்குமா? 'பக்கத்தை நிரப்பு, பெரிய சொல்லாகப் போடு, உதாரணம் வராவிட்டால் கற்பனை செய்துகொள்' என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். எடையை வைத்து உயரத்தை ஊகிக்கலாம் என்றேன் அல்லவா? எடைக்குப் பரிசு என்று அறிவித்த மறுநாள் எல்லோரும் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் எடை உயரத்தைக் காட்டாது.

2016-ல் கட்டுரையை விருப்பப் பகுதியாக்கினார்கள். நேரம் 50 நிமிடமாயிற்று. சொந்தக் கருத்து வேண்டாம், கொடுத்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் தன் வாதத்தை எப்படிக் கட்டியிருக்கிறார் என்று ஆராய வேண்டும். வாசிப்பு, ஆய்வு, எழுத்து என மூன்று தனி மதிப்பெண்கள். என் பார்வையில் இது முந்தையதைவிட நல்ல தேர்வு. அச்சில் வார்த்தது இங்கே அவ்வளவு எளிதாகச் செல்லாது. ஆனால் அதற்குள் கல்லூரிகளுக்கு ஆர்வம் போய்விட்டிருந்தது. 2021 ஜனவரியில் கட்டுரைப் பகுதியை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. சில மாநிலங்கள் பள்ளி நாளில் நடத்தும் தேர்வில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

எழுதாமலே எழுத்தை அளப்பது

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். 1966-ல் ஈ.டி.எஸ். ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் மாணவர்களை ஆளுக்கு ஐந்து தலைப்பில் எழுத வைத்து, ஒவ்வொன்றையும் ஐந்து பேர் படித்து மதிப்பெண் போட்டார்கள். ஒரு மாணவருக்கு மொத்தம் 25 தீர்ப்புகள். இவ்வளவு செய்தால் நம்பத் தகுந்த மதிப்பெண் கிடைக்கிறது. ஆனால் லட்சக்கணக்கான பேருக்கு இதைச் செய்ய முடியுமா? அங்கேதான் அந்தத் திருப்பம்: அதே மாணவர்கள் எழுதிய பலவுள் தெரிவுத் தேர்வின் மதிப்பெண், இந்த 25 தீர்ப்புகளின் கூட்டுத்தொகையோடு நன்றாகவே ஒத்துப்போனது. செலவு குறைவு, திருத்துநர் தகராறு இல்லை. பிறகு யார் விடுவார்கள்?

2005-க்குப் பிந்தைய எஸ்.ஏ.டி.யிலும் இதே கதைதான். முதலாண்டுக் கல்லூரி மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதில் மூன்று பகுதிகளில் எழுத்துப் பகுதியே முந்தி நின்றது என்று அதை நடத்தும் அமைப்பே 2008-ல் சொன்னது. அந்தப் பகுதியின் மதிப்பெண்ணில் பெரும்பங்கு பலவுள் தெரிவு வினாக்களுடையது, கட்டுரையுடையது அல்ல.

எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. சுருதி விலகினால் சட்டென்று கண்டுபிடிக்கும் காது உள்ளவர்களில் பலர் நன்றாகப் பாடுபவர்களாகவும் இருக்கலாம். அதனால் காதைச் சோதித்துவிட்டுப் பாட்டுக்குப் பட்டம் கொடுக்கலாமா? மேலும், எழுதச் சொல்லாத தேர்வுக்காகப் பள்ளிகள் எதைப் பயிற்றுவிக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இயந்திரம் திருத்தினால் இன்னொரு கூத்து. ஜி.ஆர்.ஈ. கட்டுரைகளை ஒரு மனிதரும் 'ஈ-ரேட்டர்' என்ற மென்பொருளும் பார்க்கிறார்கள். இந்த வகை மென்பொருள் அர்த்தத்தைப் படிப்பதில்லை. சொற்களின் அரிது, வாக்கிய அமைப்பு, பிழைகள், நீளம் என்று எண்ணக்கூடியவற்றை எண்ணுகிறது. மனிதர் போடும் மதிப்பெண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது, மறுக்க முடியாது. ஆனால் அதே பெரல்மன் 2014-ல் மாணவர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு சின்ன நிரலை எழுதினார். மூன்று சொற்கள் வரை கொடுத்தால் இலக்கணச் சுத்தமாக, பெரிய பெரிய சொற்களோடு, துளி அர்த்தமில்லாத ஒரு கட்டுரையைத் தள்ளும். அந்தப் பிதற்றலுக்குத் திருத்தும் மென்பொருள்கள் உயர்ந்த மதிப்பெண் போட்டன.

யாருக்கு நஷ்டம்?

'எல்லோருக்கும் ஒரே விதி' என்பதை நியாயம் என்று எடுத்துக்கொண்டால் இந்தத் தேர்வுகள் நியாயமானவைதான். ஆனால் ஒரே விதி எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. அந்த மொழியை இரண்டாம் மொழியாகக் கற்றவர் வாக்கியத்தை மனதுக்குள் கட்டவே பாதி நேரத்தைக் கொடுக்கிறார். இரண்டு நாள் கொடுத்தால் அவர் எழுதுவது வேறாக இருக்கும். கணினியில் மட்டுமே எழுதிப் பழகியவரைப் பேனா பிடிக்கச் சொன்னால் தடுமாறுவார், மாற்றிச் சொன்னாலும் அப்படியே. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. கையால் எழுதிய கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கொடுத்தபோது, அதே கட்டுரைகளுக்குத் திருத்துநர்கள் குறைவாகப் போட்டார்கள் என்று 1994-ல் ஈ.டி.எஸ். ஆய்வு ஒன்று காட்டியது. அச்சில் பிழை பளிச்சென்று தெரிகிறது, நீளமும் சுருங்கித் தோன்றுகிறது என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள்.

மென்பொருளிலும் சாய்வு உண்டு. 2012-ல் ஈ.டி.எஸ். ஆய்வாளர்களே மனிதர் போட்டதையும் மென்பொருள் போட்டதையும் ஒப்பிட்டார்கள். சீனாவிலிருந்து எழுதியவர்களுக்கு மென்பொருள் மனிதரைவிடத் தாராளமாகவும், ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்குக் கஞ்சத்தனமாகவும் போட்டிருந்தது. நீளமாக, மனப்பாடம் செய்த சட்டகத்தில் எழுதினால் இயந்திரம் ஏமாறும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. நம் 'மனித வாழ்வின் தவிர்க்க முடியாத அங்கம்' நினைவிருக்கிறதா?

அப்படியானால் மாணவர் வருடம் முழுக்க எழுதித் திருத்தியவற்றைத் தொகுத்துப் பார்த்தால் என்ன? அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990-களின் தொடக்கத்தில் அதைத்தான் செய்தது. வகுப்பில் எழுதவும் திருத்தவும் நேரம் கிடைத்தது, ஆசிரியர்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தபோது, ஒரே தொகுப்புக்கு இரண்டு திருத்துநர்கள் போட்ட மதிப்பெண்கள் மோசமாக விலகி நின்றன. சுற்றிச் சுற்றி மறுபடியும் 1912.

2018-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் எஸ்.ஏ.டி. கட்டுரையை இனிக் கேட்பதில்லை என்று அறிவித்தது. பதிலாக, பள்ளியில் எழுதி ஆசிரியர் திருத்திய கட்டுரை ஒன்றை அனுப்பச் சொன்னது. நல்ல யோசனை என்று அப்போது நினைத்தேன். இன்று, அறைக்குள் உட்கார்ந்து ஒரு நிரலிடம் கேட்டால் கட்டுரை வந்துவிடுகிறது. கண்காணிப்பாளர் நிற்கும் அறையில் 25 நிமிடம் எழுதியதைப் பற்றி என்ன குறை சொன்னாலும், அதை எழுதியவர் யார் என்பதில் சந்தேகமில்லை. இத்தனை நாள் நான் கேலி செய்துவந்த தேர்வுக்கு இப்படி ஒரு மவுசு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒருவரின் எழுத்து மதிப்பெண்ணைப் பார்க்க நேர்ந்தால் நான் செய்வது இவ்வளவுதான்: அதை 'முன்பின் யோசிக்காத தலைப்பில், அவசரத்தில், முதல் வரைவு எப்படி வந்தது' என்று படிப்பேன். ஐந்து வாங்கியவருக்கும் மூன்று வாங்கியவருக்கும் அதில் உண்மையான வித்தியாசம் இருக்கும். நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் எதையும் தேட மாட்டேன். அந்த நீச்சல்கார மாணவர் மூன்று வாங்கியிருந்தால், 'அந்தக் கட்டுரையை முடித்தாயா?' என்று கேட்பேன்.